சூளகிரிக்கென்றே ஓர் இயங்குதளம்

நம் வகுப்பறைக்கு வேண்டிய இயங்குதளத்தை நாமே செய்துகொள்ளலாம். நான் செய்துவிட்டேன். அந்தச் சந்தோஷம் இன்னும் அடங்கவில்லை!

எங்கள் சூளகிரி கர்நாடக எல்லைக்கு அருகிலுள்ள ஊர். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை, தெலுங்கு பேசும் பிள்ளை, கன்னடம் பேசும் பிள்ளை மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். தெலுங்கு, கன்னடம், உருது வழியில் பாடம் நடத்தும் பள்ளிகளும் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உண்டு. இந்தப் பிள்ளைகளை மனதில் வைத்து யார் கணினி செய்து தரப்போகிறார்கள்? அந்தக் குறையைத் தீர்த்தது, டெபியன் லினக்ஸின் ‘லைவ்-பில்டு’ என்ற கருவி.

டெபியன் ஓடும் கணினியில் வெறும் ஃபோல்டர் ஒன்றைத் திறந்து ‘எல்பி கான்ஃபிக்’ என்று கட்டளை கொடுத்தால் அடித்தளம் தயார். பிறகு ஒரு டெக்ஸ்ட் ஃபைலில், வேண்டியதையெல்லாம் வரிக்கு ஒன்றாக எழுத வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு ஜிகாம்பிரிஸ், படம் வரைய டக்ஸ் பெயின்ட், நட்சத்திரம் பார்க்க ஸ்டெல்லேரியம், புரோகிராமிங் பழக கே-டர்ட்டில் எழுதினேன். லிப்ரே ஆபீஸுக்கு மூன்று மொழிப் பேக்கேஜ்கள், மூன்றுக்கும் லோஹித் எழுத்துருக்கள், தமிழ்99 விசைப்பலகை எல்லாம் அந்தப் பட்டியலில் ஏறின. அடுத்து ‘எல்பி பில்டு’. எல்லாம் நெட்டிலிருந்து இறங்கி, சுருங்கி, ஒரே ஐஎஸ்ஓ ஃபைலாக வந்து நிற்கும். அதைப் பென்டிரைவில் எழுதினால் வேலை முடிந்தது!

அந்தப் பென்டிரைவிலிருந்து கணினி எழும்போது வரும் பூட் மெனுவில் மொழிக்கு ஒரு வரி வைத்தேன். தெலுங்கு வரியைத் தேர்ந்தெடுத்த சிறுமி, திரையில் வந்த மெனுவைச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். “எங்களுக்கும் போடுங்க சார்!” என்று மற்றவர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

பூட் வரியில் ‘டூரேம்’ என்று சேர்த்தால் நடப்பது இன்னும் அருமை. இயங்குதளம் முழுவதும் ரேமுக்குள் போய்விடும். பென்டிரைவைப் பிடுங்கி அடுத்த கணினியில் செருகலாம். ரேம் தாராளமாக உள்ள கணினிகள் என்றால் லேப் முழுவதற்கும் ஒரே பென்டிரைவ் போதும்! ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதை அது தொடாது. பிள்ளைகள் எதைக் கலைத்தாலும், அணைத்துப் போட்டால் பழையபடி புதிதாக எழும். “தொடாதே, கெட்டுப்போகும்” என்ற அதட்டலுக்கே இடமில்லை. பயமில்லாமல் தொடும் பிள்ளைதான் கற்றுக்கொள்ளும்.

இந்த வழி புதிதும் அல்ல. சிடியிலிருந்தே ஓடும் நாப்பிக்ஸை கிளவுஸ் நாப்பர் 2000-லேயே வெளியிட்டார். நம் சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம், டெபியனை வைத்துத்தான் பாஸ் லினக்ஸையும் பள்ளிகளுக்கான எடுபாஸையும் உருவாக்கியது. நாடு முழுமைக்கும் அவர்கள் செய்ததை, ஓர் ஊருக்காக ஓர் ஆசிரியரும் செய்துவிடலாம் என்பதுதான் எனக்குப் பெரிய பரவசம்.

பேரிகை, வேப்பனப்பள்ளி, பாகலூர் ஆசிரியர்களே, நீங்களும் செய்யுங்கள். உருது வேண்டுமா? அந்தப் பட்டியலில் இன்னும் சில வரிகள் சேர்த்து, ‘எல்பி கிளீன்’ கொடுத்துவிட்டு, மறுபடி ‘எல்பி பில்டு’ கொடுங்கள்!