பத்துக் கூற்றுகளுள் அடங்காத மீள்திறன்: கானர்–டேவிட்சன் அளவுகோலின் குறுவடிவம் குறித்த ஒரு மதிப்பீடு

பல்கலைக்கழக மாணவரின் உளவியல் மீள்திறனை அளக்கும் ஆய்வுகளில் மிகுதியும் கையாளப்படும் கருவிகளுள் ஒன்று கானர்–டேவிட்சன் அளவுகோல் ஆகும். 2003இல் வெளியான அதன் மூல வடிவம் 25 கூற்றுகளைக் கொண்டது. ஒவ்வொன்றும் 0 முதல் 4 வரை மதிப்பெண் பெறும். கேம்பெல்-சில்ஸ், ஸ்டெய்ன் ஆகிய இருவரும் 2007இல் அதனைப் பத்துக் கூற்றுகளாகச் சுருக்கினர். அமெரிக்காவின் சான் டியேகோவில் பயின்ற இளங்கலை மாணவரிடம் திரட்டிய தரவுகளே இச்சுருக்கத்திற்கு அடிப்படை. விரைவில் நிரப்பத்தக்கது, ஒற்றைக் காரணி அமைப்புடையது என்பதால் குறுவடிவம் எளிதில் பரவியது. கழிக்கப்பட்டவை எவை என்பதைப் பயன்படுத்துவோர் பெரும்பாலும் கேட்பதில்லை.

நெருங்கிய உறவுகளின் துணை, இடர் நேரும்போது உதவிக்கு எங்குச் செல்வது என்னும் தெளிவு, இறைவன் அல்லது விதியின்மீதான நம்பிக்கை ஆகியவை பற்றிய கூற்றுகள் குறுவடிவில் இல்லை. மாற்றத்திற்கு இசைதல், அழுத்தத்திலும் கவனம் சிதறாமை, தோல்வியில் துவளாமை முதலான தன்மதிப்பீடுகளே எஞ்சியுள்ளன. மூல வடிவத்தின் காரணி அமைப்பு நிலையாக அமையாததே நீக்கத்திற்குக் காரணம். புள்ளியியல் நோக்கில் அது முறையானதே. ஆயினும் ஒரு கூற்று காரணியோடு பொருந்தாமை வேறு. அது மீள்திறனுக்கே புறம்பானதாதல் வேறு. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்பிற்கு வந்த மாணவி ஒருத்தி, கட்டணம் செலுத்த இயலாத நிலையில் விடுதித் தோழியரையும் துறை ஆசிரியரையும் நாடி அப்பருவத்தைக் கடக்கிறாள் எனக் கொள்க. அவளைக் கரைசேர்த்த அவ்வறிவைக் குறுவடிவம் வினவுவதே இல்லை. குறைந்த மதிப்பெண் பெறின், அவளது மனப்பாங்கே குறையுடையதாகக் கருதப்படும்.

மற்றொரு சிக்கலும் உண்டு. மீள்வதற்கு முன் ஓர் இடர் நேர்ந்திருத்தல் வேண்டும். இவ்வளவுகோலோ கடந்த ஒரு மாதத்தை மனத்திற்கொண்டு விடையளிக்கச் சொல்கிறதேயன்றி, அக்காலத்தில் நேர்ந்தது யாது எனக் கேட்பதில்லை. இடரே காணாதவரும் இடரைக் கடந்தவரும் ஒரே மதிப்பெண் பெறக்கூடும். விண்டில் முதலானோர் 2011இல் மேற்கொண்ட மீளாய்வில் மூல வடிவம் சிறந்த மதிப்பீடு பெற்றவற்றுள் ஒன்றாயினும், உரைகல்லெனத்தக்க கருவி எதுவும் இல்லை என்பதே அம்மீளாய்வின் முடிவு.

காசிடி 2016இல் வெளியிட்ட கல்விசார் மீள்திறன் அளவுகோல் இவ்விரு குறைகளையும் ஓரளவு ஈடுசெய்கிறது. கல்வியில் பின்னடைவுற்ற ஒருவரின் நிலையை முதலில் விவரித்து, அந்நிலையில் மாணவர் என்ன செய்வார் என அது வினவுகிறது. உதவி நாடுதலும் அதன் காரணிகளுள் இடம்பெறுகிறது. ஆனால் அவ்விவரிப்பில் உள்ள இடர் மதிப்பெண் குறைவு சார்ந்தது. கட்டணமும் பசியும் அதில் இல்லை.