கண்டல் வேலி

நெய்தற்பாட்டுகளிற் பயிலும் கண்டல் என்னும் சொல்லுக்குத் தாழை எனப் பொருள்கூறி அமைதல் உரைவழக்கிற் காணப்படுவது. நிகண்டுகளும் இதற்கு இடந்தருகின்றன. தொல்காப்பியர் நெய்தலை மணல்மிக்க உலகமாகக் கூறினமையின், மணலில் வளரும் தாழையே உரைகாரர் உள்ளத்து முதற்கண் தோன்றியது போலும். ஆயின் நெய்தல் மணல் மட்டும் அன்று. ஏற்றவற்றநீர் வந்துமீளும் கழிச்சேறும் அதன்பாற் படும்.

குறுந்தொகை 117ஆம் பாட்டில், கொக்கின் பார்வைக்கு அஞ்சிய நண்டு கண்டல் வேரிடையுள்ள தன் அளைநோக்கி, கயிறறுத்த எருதுபோல விரைகின்றது. கொக்கு இரைதேர்ந்து நிற்பதும், ஈரநண்டு அஞ்சி ஓடுவதும் ஆழமில்லாக் கழிக்கரைக்கே மிகப் பொருந்துவன. நற்றிணை 207 இன்னும் தெளிவானது. அங்குப் பரதவர் பாக்கத்துத் தோட்டத்தைக் கழி சூழ்ந்துள்ளது. கண்டல் அதற்கு வேலியாகின்றது. இவ்விடங்களில் அலையாத்தி இன மரமெனக் கொள்வதே ஏற்புடைத்து. எல்லா இடத்தும் அவ்வாறே என யாம் வாதியேம். பாட்டுத்தோறும் நிலம்நோக்கித் துணிதல் வேண்டும்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. மீஞ்சூருக்குக் கிழக்கே, கொசத்தலையாறு கடல்சேரும் எண்ணூர்க் கழியில் வெண்கண்டல் இன்றும் நிற்கின்றது. அதன் மூச்சுவேர்கள் சேற்றின்மேல் எழுந்து காற்றைக் கொள்வன; அலையின் விரைவைத் தணித்து வண்டலைப் பிடிப்பன. 2023 டிசம்பரில் மிக்சாம் புயல்வெள்ளத்தோடு பரவிய எண்ணெய் அவ்வேர்களின்மேற் படிந்தது. அனல்மின் நிலையச் சாம்பலோ நெடுங்காலமாகவே கழியைத் தூர்த்து வருகின்றது. மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடிநீரை அளவிறந்து இறைத்தமையால் உவர்நீர் உட்புகுந்தது; 2010 முதல் அண்மைக் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்குப் பத்துக்கோடி லிட்டர் கடல்நீரை நன்னீராக்கும் ஆலை இயங்குகின்றது. கடல்மட்டம் உயருங்கால் இந்நிலம் இருபுறத்தும் நெருக்குண்ணும்.

இந்நிலையில், சங்கச் சான்றோர் கடற்சீற்றத்துக்கு அரணாகக் கண்டலைப் போற்றினர் என எழுதுவோர் உளர். அவர்தம் ஆர்வம் பாராட்டத்தக்கது, முடிபு ஏற்கத்தக்கதன்று. நற்றிணைப் பாட்டில் வேலி என்பது ஊரின் எல்லையையும் அழகையும் காட்டி நிற்பதன்றிப் புயலைத் தடுத்ததாக ஆண்டு ஒரு சொல்லும் இல்லை. 2004 ஆழிப்பேரலையின் பின்னர்க் கடலூர்க் கரையை ஆராய்ந்தோரும் ஒருமுகமாக உரைத்திலர். மரச்செறிவின் பின்னிருந்த ஊர்கள் குறைவாக அழிந்தன என்றார் ஒருசாரார். கடலினின்று உள்ள தொலைவும் நிலத்தின் உயரமுமே காரணம் என மறுத்தார் மற்றொருசாரார். அறிவியலாரே தம்முள் வழக்கிடும் ஒன்றைப் புலவர்மேல் ஏற்றிக் கூறுதல் திறனாய்வு ஆகாது.

பாட்டு உறுதியாகத் தருவது வேறு: கண்டலுக்கு உரிய இடம். பிச்சாவரத்தில் அழிந்த காட்டை மீட்க எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மேற்கொண்டது, கால்வாய் வெட்டி ஏற்றநீர் உட்சென்று மீள வழிசெய்து, அதன்பின் கன்று நடும் முறையேயாம். நீரோட்டம் அற்ற நிலத்தில் நட்ட கன்று பிழைத்தல் அரிது. கண்டலைத் தாழையெனப் படிக்கும் மாணாக்கன் அதனை மணல்மேட்டிலேயே தேடுவான். அடுத்துள்ள கழிச்சேறு தூர்க்கப்படுவதை நெய்தலின் அழிவாக அவன் உணரமாட்டான்.