மறுக்கத் தெரிந்த கர்னல்

புரோகிராம்கள் லினக்ஸ் கர்னலிடம் வேலை கேட்கும் சிஸ்டம் கால்களின் பட்டியல் எனக்கு அலுக்காத வாசிப்பு. 32-பிட் இன்டெல் பட்டியலில் 18-ஆம் எண்ணில் ஓல்ட்ஸ்டாட் இருக்கிறது. 106-இல் ஸ்டாட், 195-இல் ஸ்டாட்64, 383-இல் ஸ்டாட்எக்ஸ். நான்குக்கும் வேலை ஒன்றுதான்: ஒரு ஃபைலின் அளவு, உரிமையாளர், கடைசியாக மாறிய நேரம் ஆகியவற்றைச் சொல்வது. பதிலை எழுத இடம் போதாமல் போனபோதெல்லாம் புதிதாக ஒன்று பிறந்தது. மூத்தவை எதுவும் வீட்டைவிட்டுப் போகவில்லை.

போகவும் முடியாது. கம்பைல் ஆன புரோகிராமுக்குள் அந்த எண் அப்படியே பதிந்து கிடக்கிறது. அதை எழுதியவர் இன்று எங்கிருக்கிறாரோ, சோர்ஸ் கோடு யாரிடம் இருக்கிறதோ! ஓடிக்கொண்டிருந்த புரோகிராம் கர்னலை மாற்றியதால் நின்றுபோனால் பிழை கர்னலுடையதுதான் என்பதில் லினஸ் டோர்வால்ட்ஸ் பல ஆண்டுகளாக விட்டுக்கொடுக்காமல் இருக்கிறார். புரோகிராம் எழுதியவரைக் கை காட்டித் தப்பிக்க வழியில்லை.

இந்த விதி கடுமையானது. கலை என்று நான் சொல்வது அதற்குள் நடப்பதை. வெண்பாவில் தளை தட்டாமல் புதுச் சொல்லை உட்கார வைப்பவரிடம் உள்ள நயம் இந்தக் கர்னல்காரர்களிடமும் இருக்கிறது.

ஃபைலைத் திறக்கும் ஓப்பன், ஃபைலை மெமரியோடு இணைக்கும் எம்மேப் என்ற பழைய சிஸ்டம் கால்கள் இரண்டுக்கும் ஒரு குறை உண்டு. தமக்குத் தெரியாத ஃபிளாக் பிட் வந்தால் அவை மறுப்பதில்லை, கண்டுகொள்ளாமல் வேலையை முடித்துவிடும். பெருந்தன்மை போலத் தெரிகிற இதுதான் பின்னால் வந்தவர்களின் கையைக் கட்டியது. புது ஃபிளாக் ஒன்றைச் சேர்த்தால், பழைய கர்னலில் ஓடும் புரோகிராமுக்கு அது நிறைவேறியதா, காற்றில் போனதா என்று தெரியாது.

எம்மேப்பில் இது வெறும் அசௌகரியம் அல்ல. மின்சாரம் போனாலும் அழியாத மெமரிக்காக மேப்-சிங்க் என்றொரு ஃபிளாக் தேவைப்பட்டது. தனியாக எஃப்சிங்க் அழைக்காமலே, எழுதியது ஃபைலில் உரிய இடத்தில் இருக்கும் என்ற உத்தரவாதம் அது. பழைய கர்னல் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால், இல்லாத உத்தரவாதத்தை நம்பி ஒருவர் தரவை இழப்பார். 2018 ஜனவரியில் வந்த 4.15 கர்னலில் கிடைத்த தீர்வைப் பாருங்கள். எம்மேப்பில் ஷேர்டு என்றால் 1, பிரைவேட் என்றால் 2. இரண்டையும் சேர்த்து 3 என்று கேட்பது அர்த்தமற்றது என்பதால் எல்லாப் பழைய கர்னலும் அதை மறுத்து வந்தது. அந்த 3-ஐ எடுத்து, 'ஷேர்டுதான், ஆனால் ஃபிளாக்குகளையெல்லாம் சரிபார்த்துச் செய்' என்று புது அர்த்தம் கொடுத்தார்கள். புதிய கர்னல் சரிபார்க்கும், பழையது தன் பழைய வழக்கப்படியே மறுக்கும். பழையதில் ஒரு வரியைக்கூடத் தொடவில்லை. சபாஷ் என்று வாய்விட்டுச் சொல்ல வைத்த இடம் இது.

இதைவிட ஒரு படி மேலே நான் வைப்பது 2013-இன் டெம்ப்ஃபைல் ஃபிளாக்கை. பெயரே இல்லாத தற்காலிக ஃபைல் ஒன்றை ஒரு டைரக்டரிக்குள் திறக்க அது உதவும். அதற்குள் டைரக்டரி ஃபிளாக்கையும் சேர்த்துக் கட்டி, எழுதும் அனுமதியும் கட்டாயம் என்றார்கள். பழைய கர்னல் தெரியாத பிட்டை உதறியதும் மிச்சமிருப்பது 'இந்த டைரக்டரியை எழுதுவதற்குத் திற' என்ற வேண்டுகோள். அதை எந்தக் காலத்துக் கர்னலும் ஏற்காது. மறுக்கத் தெரியாத ஒன்றை அதன் சொந்தக் குணத்தை வைத்தே மறுக்க வைத்த சாமர்த்தியம்!

2020-இல் 5.6 கர்னலோடு வந்த ஓப்பன்-அட்2-க்கு இத்தகைய தந்திரம் தேவைப்படவில்லை, தெரியாத பிட்டை அது நேரடியாகவே மறுத்துவிடும். கேட்பவற்றையெல்லாம் ஒரு ஸ்ட்ரக்டில் வைத்து, அதன் அளவையும் கூடவே அனுப்ப வேண்டும். முதலில் 24 பைட். நாளை அது 32 ஆனால்? சிறியது வந்தால் புதிய கர்னல் மிச்சத்தைப் பூஜ்யத்தால் நிரப்பிக்கொள்ளும். பெரியது வந்தால் பழைய கர்னல் தனக்குப் புரியாத வால் பகுதியைப் பார்க்கும்: எல்லாம் பூஜ்யமா, சரி, ஒரு பிட் எழுந்து நின்றாலும் மறுப்பு. பூஜ்யம் என்றால் முன்பு போலவே நடந்துகொள் என்று பொருள். கர்னல், புரோகிராம் இருவரில் யார் பழையவர் ஆனாலும் பேச்சு முறியாது.

ஸ்ட்ரக்டுக்கு ஒரு விலை உண்டு. சிஸ்டம் கால்களை வடிகட்டும் செக்கம்ப், பாயின்டருக்குப் பின்னால் இருப்பதைப் படிக்க முடியாது. அதனால் 2019-இல் இதே பாணியில் வந்த குளோன்3-ஐக் கன்டெய்னர்கள் பல முழுதாகவே தடுத்தன. 2021-இல் சி மொழி நூலகமான ஜிலிப்சியின் 2.34 பதிப்பு, புதிய த்ரெட் தொடங்க முதலில் குளோன்3-ஐ அழைத்துப் பார்க்கத் தொடங்கியபோது சிக்கல் வெளிப்பட்டது. பழைய வடிகட்டி 'அனுமதி இல்லை' என்று பதில் சொல்ல, அதை ஜிலிப்சி உண்மையான தோல்வியாகவே எடுத்துக்கொண்டது, புரோகிராம்கள் விழுந்தன. 'அப்படியொரு சிஸ்டம் காலே இங்கு இல்லை' என்று பதிலை மாற்றியதும் ஜிலிப்சி சத்தமில்லாமல் பழைய குளோனுக்குத் திரும்பிப்போய் த்ரெட்டைத் தொடங்கிவிட்டது.