மஞ்சள் பேரரசர் கேட்ட வினாக்கள்

ஊசி மருத்துவத்தைப் பற்றி எழுத வருவோர் பலர் ஒரே வாக்கியத்தில்தான் தொடங்குகின்றனர். ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் சீனத்தின் மஞ்சள் பேரரசர் அருளிய நூலில் இம்மருத்துவம் பிறந்தது என்பதே அவ்வாக்கியம். வாக்கியம் சிறியது, அதில் உள்ள பிழைகளோ இரண்டு. அந்நூலை அப்பேரரசர் எழுதவில்லை. அதற்கு ஐயாயிரம் வயதும் ஆகவில்லை. இப்பிழைகளை எடுத்துக்காட்டினால் நூலின் பெருமை குறைந்துவிடும் என அஞ்சுவோர் உளர். உண்மையில், அவை நீங்கினால்தான் அந்நூலை நூலாகப் படிக்க வழி பிறக்கும்.

‘ஹுவாங்டி நெய்சிங்’ என்பது நூலின் பெயர். ‘மஞ்சள் பேரரசரின் உள்நூல்’ எனத் தமிழில் கூறலாம். இரு பகுதிகளை உடையது. ‘ஸூவென்’ என்னும் முற்பகுதி உடல், பருவம், நோய் ஆகியவற்றின் இயல்பை உரைக்கும். ‘லிங்ஷூ’ என்னும் பிற்பகுதி பெரிதும் ஊசியைப் பற்றியது. பகுதிக்கு 81 இயல்கள். ஹான் அரச மரபின் நூற்பட்டியலில் இப்பெயர் 18 சுருள்களாகக் குறிக்கப்பட்டுள்ளது. இதன் பெரும்பகுதி கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம், முதலாம் நூற்றாண்டுகளில் பலர் எழுதிப் பிற்காலத்தில் ஒன்றாகத் தொகுக்கப்பட்டது என்பதே ஆய்வாளர் கருத்து. பழம்பெரும் அரசன் ஒருவனின் பெயரை நூலுக்குச் சூட்டுவது அக்காலச் சீன வழக்கம். அகத்தியர் பெயரில் வழங்கும் மருத்துவப் பாடல்களைக் கற்ற தமிழாசிரியர்களுக்கு இவ்வழக்கம் புதிதன்று.

இக்காலக் கணக்கிற்கு மண்ணுக்குள்ளிருந்தே சான்று கிடைத்துள்ளது. ஹூனான் மாநிலத்துச் சாங்ஷா நகருக்கு அருகில் மாவாங்துய் என்னும் இடத்தில் 1973-ஆம் ஆண்டு ஒரு கல்லறை அகழப்பட்டது. கி.மு. 168-இல் மூடப்பட்ட கல்லறை அது. அதனுள் பட்டில் எழுதிய மருத்துவ ஏடுகள் இருந்தன. உடலில் ஓடும் நாளங்கள் பதினொன்று என அவை கூறுகின்றன. நோய் நீக்க அந்நாளங்களின் மேல் சூடு வைக்கச் சொல்கின்றன. நாளத்தில் ஊசி ஏற்றும் முறையை அங்குக் காணோம்! கி.மு. 113-இல் இறந்த லியூ ஷெங் என்னும் இளவரசரின் கல்லறை 1968-இல் திறக்கப்பட்டபோது, மருத்துவ ஊசிகள் எனக் கருதப்படும் பொன் ஊசிகளும் வெள்ளி ஊசிகளும் கிடைத்தன. உள்நூலிலோ நாளங்கள் பன்னிரண்டாகிவிடுகின்றன; ஊசியும் ஒன்பது வகையாகப் பெருகிவிடுகிறது. ஒரு கலை படிப்படியாக வளர்ந்த தடம் இதில் தெரிகின்றது. ஐயாயிரம் ஆண்டுக் கதையை நம்புவோர் இழப்பது இவ்வளர்ச்சியைத்தான்.

நூலின் நடைக்கு வருவோம். ‘ஸூவென்’ என்றால் ‘எளிய வினாக்கள்’ எனப் பொருள் கூறுவர். பெயருக்கேற்ப நூலின் பெரும்பகுதி வினாவும் விடையுமாகவே செல்கின்றது. வினவுபவர் பேரரசர், விடை தருபவர் பெரும்பாலும் சி போ என்னும் அமைச்சர். முதல் இயலிலேயே, முன்னோர் நூறாண்டு தளராது வாழ்ந்தனரே, இன்றுள்ளோர் ஐம்பதிலேயே தளர்வது ஏன் என்று பேரரசர் கேட்கிறார். உணவு, உறக்கம், உழைப்பு, இன்பம் ஆகியவற்றில் அளவு தவறியதே காரணம் என்பது அமைச்சரின் விடை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ‘அந்தக் காலத்து மனிதரைப் போல வருமா’ என்ற பேச்சு இருந்திருக்கிறது! ‘லிங்ஷூ’வின் தொடக்கமோ வேறு சுவை உடையது. குடிகளிடம் வரி வாங்கும் அரசன் அவர்களுடைய நோய்க்கு இரங்குகிறான். கடுமருந்தும் கல்லூசியும் இன்றி நுண்ணிய ஊசியால் அவர்களைக் காக்க வழியுண்டா என வினவுகிறான். அரசன் மாணவனாக அமர்ந்து, விளங்காததை விளங்கவில்லை என ஒப்புக்கொண்டு, மீண்டும் மீண்டும் கேட்கும் இவ்வமைப்பே நூலின் தலைசிறந்த அழகு. விடைகளைவிட வினாக்களே பல இடங்களில் உயர்ந்து நிற்கின்றன.

‘ஸூவென்’னின் பன்னிரண்டாம் இயல் தமிழ் படிப்போரின் நெஞ்சை எளிதில் கவரும். ஒரே நோயை மருத்துவர்கள் வெவ்வேறு முறையில் தீர்ப்பது ஏன் என்பது அங்கு வினா. நாட்டை ஐந்து பகுதியாகப் பிரித்து, நிலத்திற்கேற்ற உணவும் உணவிற்கேற்ற நோயும் நோய்க்கேற்ற மருத்துவமும் அமைந்தன என விடை வருகிறது. மீனும் உப்பும் உண்ணும் கீழ்த்திசையில் கல்லூசி, மேற்கில் மருந்து, குளிர் மிகுந்த வடக்கில் சூடு, தெற்கில் நுண்ணூசி, நடுநிலத்தில் உடற்பயிற்சியும் பிடித்து விடுதலும். இதைப் படித்தவுடன் ஐந்திணை நினைவுக்கு வருவது இயல்பே. நினைவுக்கு வருவது வேறு. இங்கிருந்து அங்குச் சென்றது என முடிவு கட்டுவது வேறு. வர்மக் கலையே சீனம் சென்று ஊசி மருத்துவம் ஆயிற்று என்றும், போகர் அதனைக் கொண்டு சென்றார் என்றும் மேடைகளில் கேட்கிறோம். போகரின் பெயரால் வழங்கும் பாடல்களின் மொழி மிகப் பிற்பட்டது. மாவாங்துய்ப் பட்டேடுகளோ பதினொன்று பன்னிரண்டாகிய கதையைச் சீன மண்ணிலேயே காட்டுகின்றன. ஒப்புமையை ஒப்புமை என்றே சொல்லிக் கொடுப்பதால் வர்மக் கலைக்கு எந்த இழுக்கும் இல்லை.

இனி நூலின் குறை. நாளங்கள் ஏன் பன்னிரண்டாயின? ‘லிங்ஷூ’வின் பன்னிரண்டாம் இயல் அவற்றைச் சீன நாட்டின் பன்னிரண்டு ஆறுகளோடு ஒன்றுக்கொன்று பொருத்துகின்றது. ஊசி ஏற்றும் இடங்கள் 365 என நூல் கூறும். ஆண்டின் நாட்களுக்கு அது இணை. ஆனால் இடங்களின் பெயர்களைத் தேடி எண்ணினால் ஏறத்தாழ 160-தான் தேறுகின்றன. எண் முதலில் வந்துவிட்டது. இடங்கள் பின்னர்த் தேடப்பட்டன! மூன்றாம் நூற்றாண்டில் ஹுவாங்பூ மீ (215–282) தம் நூலில் 349 இடங்களைத் தொகுத்தார். உலகச் சுகாதார நிறுவனத்தின் மேற்குப் பசிபிக் வட்டாரம் 2008-இல் வெளியிட்ட தர நூலில் 361 இடங்கள் உள்ளன. வானத்தின் கணக்கை உடலில் தேடும் இப்பழக்கம், ‘சி’ என்னும் உயிர்வளி நாளங்களில் ஓடுகிறது என்ற கொள்கை வரையில் நீள்கிறது. அறுத்துப் பார்த்தோர் எவரும் அந்நாளங்களைக் கண்டதில்லை. இத்தனைக்கும் இறந்த உடலை அறுத்து அளந்து அறியலாம் என்று சொல்வதும் மேற்கூறிய அதே இயல்தான். அளக்கலாம் எனச் சொன்னவர்கள் அளந்ததை ஆறுகளுக்காக வளைத்துவிட்டனர்.

குறையைச் சொல்லும்போது நூலின் நேர்மையையும் மறைத்தல் ஆகாது. ‘ஸூவென்’னின் 52-ஆம் இயல் ஊசியால் நேரும் கேட்டையே பேசுகின்றது. நெஞ்சில் ஊசி தைத்தால் ஒரு நாளில் சாவு, நுரையீரலில் தைத்தால் மூன்று நாளில் சாவு என உறுப்பு உறுப்பாக எச்சரிக்கிறது. நாட்கணக்கை இன்று எவரும் ஏற்கமாட்டார். ஆயினும், தவறிய ஊசி நுரையீரலைத் துளைத்துக் காற்றுக் கசியச் செய்யும் என்பது இக்கால மருத்துவமும் அறிந்த ஆபத்தே. ஊசி மருத்துவத்தால் எக்கேடும் வராது என விளம்பரம் செய்வோர் தம் மூலநூலையே படித்திலர்.

சோங் மரபின் காலத்தில், 1027-ஆம் ஆண்டு, வாங் வெய்யி என்பவர் ஆளுயர வெண்கல உருவங்கள் இரண்டை வார்ப்பித்தார். ஊசி இடந்தோறும் துளை, உருவத்தின் மேல் மெழுகுப் பூச்சு, உள்ளே நீர். தேர்வெழுத வரும் மாணவன் மெழுகின் மேல் ஊசியைச் செலுத்த வேண்டும். சரியான இடமாயின் நீர் சொட்டும், தேர்ச்சி. தவறின் ஊசி உள்ளே போகாது. வினாத்தாள் திருத்தும் ஆசிரியர்களுக்கு இதனினும் எளிய தேர்வு கிடைப்பது அரிது! ஆனால் அத்தேர்வு எதனைச் சோதித்தது? மாணவன் நூலைக் கற்றானா என்பதைச் சோதித்தது. நூல் சொல்லும் இடம் நோயைத் தீர்க்குமா என்பதை அன்று.

அச்சோதனைக்கு உலகம் நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. இடையில் 1822-இல் தாவ்குவாங் பேரரசர் அரண்மனை மருத்துவக் கழகத்திலிருந்து ஊசியையும் சூட்டையும் நீக்கினார். 1950-களில் புதிய சீன அரசு மீண்டும் அவற்றுக்கு ஆதரவளித்தது. மேலை நாட்டார் கவனத்தை ஈர்த்ததோ 1971-இல் நியூயார்க் டைம்ஸ் எழுத்தாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் எழுதிய கட்டுரை. ஊசியால் உணர்விழக்கச் செய்து பீக்கிங்கில் அவருக்குக் குடல்வால் அறுவை நடந்தது எனப் பலர் எழுதிவிட்டனர். கட்டுரையில் அப்படி இல்லை. வழக்கமான மருந்தைச் செலுத்தி உடலை மரத்துப்போகச் செய்தே அறுவை நடந்தது. பின்னர் வயிற்றில் உப்புசம் கண்டபோது முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழும் ஊசி ஏற்றி, மூலிகைச் சூடும் காட்டினர். ஒரு மணி நேரத்தில் தணிந்தது. மூலத்தைப் படியாது மேற்கோள் காட்டும் நோய் மஞ்சள் பேரரசரோடு நின்றுவிடவில்லை.

ஜெர்மனியில் ஒற்றைத் தலைவலியுற்ற 302 பேரிடம் நடந்த ஆய்வு 2005-இல் வெளிவந்தது. நூல்முறை இடங்களில் ஊசி ஏற்றியோரில் நூற்றுக்கு 51 பேருக்குத் தலைவலி நாட்கள் பாதியாயின. வேண்டுமென்றே வேறு இடங்களில் மேலோட்டமாக ஏற்றியோரில் 53 பேர்! ஊசியின்றிக் காத்திருந்தோரில் 15 பேர் மட்டுமே. இடுப்பு வலியுற்ற 1162 பேரிடம் நடந்து 2007-இல் வந்த ஆய்வில் குணங்கண்டோர் நூற்றுக்கு 47.6, 44.2, வழக்கமான மருத்துவம் பெற்றோரில் 27.4. 29 ஆய்வுகளில் கலந்துகொண்ட 17,922 பேரின் கணக்கை ஒன்றுகூட்டி 2012-இல் பார்த்தபோது, சரியான ஊசிக்கும் போலி ஊசிக்கும் சிறு வேறுபாடு உண்டு எனத் தெரிந்தது. நோயாளிக்குக் கிடைக்கும் ஆறுதல் பொய்யன்று. தீராத வலியில் கிடப்போருக்கு அது சிறிதும் அன்று. ஆயினும் இடம் மாறியும் பயன் ஏறத்தாழ அதுவாகவே இருப்பின், இடங்களை வகுக்கவே எழுந்த ‘லிங்ஷூ’வின் அடித்தளம் ஆட்டங்காண்கிறது. இதனை மறைத்து அந்நூலைப் போற்றுவது, கேள்வி கேட்ட அரசனுக்கே மாறானது.

நூலின் இன்றைய வடிவம் பற்றி ஒரு செய்தி உண்டு. ‘ஸூவென்’னைச் சீர்செய்து 762-இல் முடித்தவர் வாங் பிங் என்னும் அறிஞர். சிதைந்த ஏடுகளை ஒழுங்குபடுத்தித் தாம் சேர்த்த சொற்களைச் சிவப்பு மையால் எழுதினார். பழையதும் புதியதும் கலந்துவிடக் கூடாது என்பது அவர் கருத்து. அவருக்குப் பின் படியெடுத்தோர் எல்லாவற்றையும் கறுப்பு மையாலேயே எழுதிவிட்டனர். அவர் சேர்த்த சொற்கள் எவை என்பதை ஆய்வாளர்கள் இன்னும் வரிவரியாகத் தேடிக்கொண்டிருக்கின்றனர்.