யாருடைய கிணறு எண்ணப்பட்டது?

நீதிமன்றத் தீர்ப்பையும் இலக்கியப் பிரதியாக வாசிக்கணும்னு சொன்னால் தமிழ்த் துறைகளில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நம்ம சனங்களின் வாழ்வைத் தீர்மானிக்கிற பிரதிகள் கோர்ட்டிலும் தாலுகா ஆபீசிலும்தான் எழுதப்படுகின்றன. அவற்றை விட்டுவிட்டுக் கவிதையை மட்டும் கட்டுடைத்து என்ன ஆகப்போகிறது?

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தந்த தீர்ப்பை எடுத்துக்கொள்வோம். மாசுபடுத்தியவனே அதற்கான செலவைக் கட்டணும், தன் தொழிலால் கேடில்லை என்று தொழில் நடத்துகிறவன்தான் நிரூபிக்கணும் என்று சொன்ன தீர்ப்பு அது. சூழலியல்காரர்கள் கொண்டாடுகிறார்கள். நானும் மதிக்கிறேன். மதிக்கிற பிரதியைத்தான் உற்று வாசிக்க வேண்டியிருக்கிறது.

அதில் ஒரு வாக்கியம் வருகிறது. பீஸ் மெம்பர்ஸ் என்ற தன்னார்வ அமைப்பு திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் எடுத்த கணக்கின்படி 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. சர்க்கார் ஆய்வகம் சொன்ன கணக்கல்ல இது. சாதாரண ஆட்கள் ஊர் ஊராகப் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்து எழுதிய எண், டெல்லி வரைக்கும் போய்ச் சாட்சி சொன்னது. 'தண்ணி வாயில வைக்க முடியல சாமி' என்று கிழவி சொன்னால் அது புலம்பல். '467இல் 350' என்றால் ஆதாரம். இந்த மாற்றம் சாதாரணமானதல்ல. நாறும் தண்ணீரைக் குடித்தவன் பேச்சு முதன்முதலாக நீதிபதி காதுக்குக் கேட்கிற மொழியாகிறது.

ஆனால் என் கேள்வி வேறு. அந்த 350இல் சேரிக் கிணறு எத்தனை? ஊர்க் கிணறு எத்தனை? அந்த வாக்கியத்தில் பதில் இல்லை. தமிழ்நாட்டில் சாதி இல்லாத கிணறு எங்கே இருக்கிறது? ஊர்க் கிணறு கெட்டால் பம்புசெட் வைத்திருப்பவன் இன்னொரு போர் போட்டுக்கொள்வான். சேரிக் கிணறு கெட்டால் நம்ம பொம்பளைங்க குடத்தோட அடுத்தவன் வாசலில் நிற்கணும். கெட்ட தண்ணீர் ஒன்றுதான், கேடு ஒன்றல்ல. எண் இதை மறைத்துவிட்டது.

மறைத்ததன் விளைவு நஷ்டஈட்டில் தெரிந்தது. சூழல் இழப்புக்கான ஆணையம் 2001 மார்ச்சில் 547 தோல் தொழிற்சாலைகள் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் தரணும் என்று கணக்கிட்டது. கணக்கு நிலத்தையும் விளைச்சலையும் மையமாக வைத்தது. பட்டா உள்ளவனுக்கு இழப்பு உண்டு. அவன் நிலத்தில் கூலிக்குப் போய், நிலம் உப்பானதும் வேலை போனவளுக்கு? சுண்ணாம்புத் தொட்டியில் நின்று கால் வெந்தவனுக்கு? அவன் எந்த ஹெக்டேரில் வருவான்? அந்தப் பணமும் எல்லார் கைக்கும் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. பாக்கியைக் கொடுங்கள் என்று 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றமே மறுபடி உத்தரவு போட வேண்டி வந்தது.

அதே திண்டுக்கல்லின் தோல் ஷாப்புத் தொழிலாளிகளைப் பற்றி டி. செல்வராஜ் 'தோல்' நாவலை எழுதினார். தீர்ப்பில் கிணறு இருக்கிறது, உடம்பு இல்லை. நாவலில் உடம்பு இருக்கிறது, ஆனால் நாவலை எந்தக் கோர்ட்டும் ஆவணமாக ஏற்காது. இந்த இரண்டுக்கும் நடுவில் எழுதப்படாமல் கிடக்கிற பிரதிதான் நம்முடைய வேலை.

சட்டம் வழியை அகலமாகத் திறந்து வைக்கவில்லை. 1974 தண்ணீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவைப் பாருங்கள். வாரிய அதிகாரி கழிவுநீரைப் பிடிக்கும்போது ஆலைக்காரனுக்கு நோட்டீஸ் கொடுக்கணும், மாதிரியை இரண்டாகப் பிரித்து சீல் வைக்கணும். நடைமுறை தவறினால் அந்தச் சோதனை முடிவு சாட்சியத்தில் சேராது. அதிகாரிக்கே இந்தக் கதி என்றால், ராத்திரி வாய்க்காலில் பாட்டில் முக்குகிற நம்ம பையனை வக்கீல் என்ன கேட்பான்? 'நீ யார்? உனக்கு என்ன தெரியும்?' கேள்வி விஞ்ஞானத்தைப் பற்றியது மாதிரி இருக்கும். அடியில் சாதி இருக்கும்.

இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. மகத் சவதார் குளத்து வழக்கில் தீண்டாதாரை விலக்குவது தொன்றுதொட்ட வழக்கம் என்றார்கள் சாதி இந்துக்கள். நிரூபிக்க முடியவில்லை. 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் அம்பேத்கர் ஜெயித்தார். தண்ணீர் வழக்கில் நிரூபிக்கிற பாரம் யார் தலையில் என்பதுதான் பாதி வழக்கு என்று நமக்கு அப்போதே தெரியும்.

2010 சட்டப்படி அமைந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சாட்சியச் சட்டத்தின் விதிகளுக்குக் கட்டுப்பட்டதல்ல. அந்தக் கதவு நமக்குப் பயன்படும். அதற்காக எழுதுவதில் அலட்சியம் கூடாது. தேதி, நேரம், இடம், பாட்டிலைத் தொட்ட கைகள் எல்லாம் எழுதணும். செல்போனில் எடுத்த படத்துக்குச் சான்றிதழ் வேணும். இவற்றோடு சூழலியல் படிவங்களில் இல்லாத ஒரு கட்டத்தையும் போடுங்கள்: இந்தக் கிணறு யாருடையது, இதில் யார் மொள்ளலாம், யார் மொள்ளக்கூடாது. எண்ணுவதை அடுத்தவன் கையில் விட்டால் நம்மை விட்டுவிட்டுத்தான் எண்ணுவான்.