மண்பாளத்துக்குள் ஒரு வெளி

மறைமலை நகரில் மின்தொடர் வண்டி ஏறினால் தாம்பரம், பல்லாவரம் கடந்து எழும்பூரில் இறங்கலாம். அங்குள்ள அரசு அருங்காட்சியகத்தில் பல்லாவரத்தில் கிடைத்த சுடுமண் ஈமப்பேழை ஒன்று இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்தது அது. நீண்ட தொட்டி; அடியில் வரிசை வரிசையாகக் குட்டைக் கால்கள். திகிரியில் வனையாமல் கையாலேயே கட்டியெழுப்பியது. மனித உருவத்தை அது காட்டவில்லை. ஆயினும் அதன்முன் நின்று, 'இது எதைப் போலிருக்கிறது?' என்று நாம் கேட்பதில்லை. அதன் கனமும் அதனுள் உறையும் வெறுமையுமே நம்மோடு பேசிவிடுகின்றன.

இன்றைய அருவச் சுடுமண் சிற்பத்தின் முன் மட்டும் அக்கேள்வி எழுவானேன்? மேனாட்டு இறக்குமதி என்று ஒதுக்குமுன், அது உருவாகும் முறையை அறிதல் நலம்.

பிசைந்த களிமண்ணை ஒரே கனத்தில் தட்டையாக உருட்டிப் பாளமாக்குகின்றனர். ஈரப்பாளம் நிமிர்ந்து நில்லாது. முற்றக் காய்ந்தது ஒட்டாது. தோலின் பதத்தில் விறைப்பேறும் இடைப்பொழுதில் விளிம்புகளைக் கீறி, குழைமண் தடவி இணைக்க வேண்டும். ஒருபுறம் விரைந்து உலர்ந்தால் பாளம் வளையும்; ஈரம் எஞ்சினால் சூளையில் வெடிக்கும். சுருக்கத்தைக் குறைக்கச் சுட்ட மண்ணின் பொடியைக் கலப்பதும் உண்டு. ஆக, கலைஞன் விரும்பிய வடிவமன்று, மண் இசைந்த வடிவமே இறுதியில் நமக்குக் கிட்டுகிறது.

மண்ணின் இந்த இசைவைத் தேடியவர்களுள் ஒருவர் ரே மீக்கர். 1971இல் அவரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் மட்பாண்டக் கூடத்தை நிறுவினர். கட்டடக் கலையும் பயின்ற மீக்கர், 1980களில் பச்சை மண் செங்கற்களால் வீடு கட்டி, அவ்வீட்டையே சூளையாக்கிச் சுட்டுப் பார்த்தார். பின்னாளில் அவர் பேருருவச் சிற்பங்களுக்குத் திரும்பியது வியப்பன்று. பாளம் என்பதும் ஒரு மெல்லிய சுவர்தானே? சுவர் எழுப்புகிறவன் உண்மையில் வடிவமைப்பது, அதனுள் அடைபடும் வெளியையே.

எனினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அளவு பெரிதானால் பொருள் பெரிதாகிவிடாது. பளபளக்கும் மெருகு, இணைப்பின் பலவீனத்தை மறைக்கக்கூடும். கண்காட்சிக் கூடத்து விளக்கொளி, வெறும் பருமனை மாண்பெனக் காட்டக்கூடும். பல்லாவரத்துப் பேழைக்கு மாண்டவரை ஏந்தும் கடமை இருந்தது; அதன் ஒவ்வொரு காலும் அதைச் சுமந்து நின்றது. பயனைத் துறந்த சிற்பமோ தன் இருப்புக்கான நியாயத்தைத் தானே ஈட்டியாக வேண்டும். இப்பாளங்கள் இங்கே ஏன் சந்திக்கின்றன, உள்ளே இவ்வெளி ஏன் விடப்பட்டது என்னும் இரு வினாக்களுக்கும் அது விடை தராவிடில், அஃது அழகுப்பொருளேயன்றிச் சிற்பமன்று.

எழும்பூர் செல்லும் வாசகர், புதிய சிற்பங்களைத் தேடுமுன் அப்பழைய பேழையின் முன் சற்று நேரம் நிற்பாராக. அங்கே பழகிய கண்ணுக்கு, மற்றவற்றைப் பார்க்கும் வழி தானே புலப்படும்.