தட்டும் பெட்டியும் அறையும்

அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டு இசைத்தட்டுகள் 4 கோடிக்கும் மேல் விற்று, எண்ணிக்கையில் சி.டி.யை முந்தின. 1987க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் முறை. தட்டு திரும்பி வந்ததோடு ஒரு பழைய வழக்கும் திரும்பியிருக்கிறது. டர்ன்டேபிளும் சொந்தமாகச் செய்த ஸ்பீக்கர்களுமாக வீட்டில் பாட்டுக் கேட்பவர்கள், டிஜிட்டலில் ஜீவன் இல்லை, தட்டில்தான் அசல் ஒலி என்கிறார்கள். மற்றவர்கள் இதை வசதி படைத்தவர்களின் பழம்பெருமை என்று ஒதுக்குகிறார்கள். இந்தப் பழக்கத்தின் உண்மையான பலம் இரு தரப்பார் கண்ணிலும் படவில்லை என்பது என் எண்ணம்.

முதலில் தட்டு. 12 அங்குல எல்.பி. 1948இல் வந்தபோதே நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்று வேகம் முடிவாகிவிட்டது. விளிம்பில் ஊசிக்கு அடியில் நொடிக்குச் சுமார் 50 செ.மீ. பள்ளம் ஓடுகிறது. லேபிளை நெருங்கும்போது அது ஏறக்குறைய 21 செ.மீ.யாகச் சுருங்கிவிடும். அதே ஒலியை முன்பிருந்ததில் பாதியைவிடக் குறைந்த நீளத்துக்குள் அடைக்க வேண்டியிருப்பதால், பக்கத்தின் கடைசிப் பாட்டில் 'ஸ', 'ஷ' எழுத்துகள் சிதறும். பேஸ் ஒலியை அப்படியே வெட்டினால் பள்ளம் அகன்று, பாட்டுக்கு இடம் போதாது. அதனால் பேஸைக் குறைத்தும் ட்ரெபிளை ஏற்றியும் வெட்டுகிறார்கள். ஃபோனோ ஆம்ப்ளிஃபையர் அதைத் திருப்பிச் சரிசெய்கிறது. மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் இடையே நல்ல தட்டு தரும் இடைவெளி 60 முதல் 70 டெசிபல். சி.டி. தருவது 96.

ஆகவே துல்லியத்தில் தட்டு ஜெயிக்கிறது என்ற வாதம் நிற்காது. அதை நடைமுறையிலேயே காட்டியது மொபைல் ஃபிடிலிட்டி நிறுவனத்தின் விவகாரம். மூல ஒலிநாடாவிலிருந்து முழுக்க அனலாக் முறையில் வெட்டப்பட்டவை என்று ரசிகர்கள் நம்பி வாங்கிய அதன் தட்டுகள் பலவற்றில், இடையே ஒரு டிஜிட்டல் கட்டம் இருந்தது 2022இல் தெரியவந்தது. 2011 முதலே அந்த முறை தொடங்கியிருந்தது. அனலாக்கின் உச்சம் என்று அவற்றைக் கொண்டாடியவர்களுக்கு இத்தனை ஆண்டுகளில் காது அதைச் சொல்லவில்லை.

அப்படியானால் சில பழைய தட்டுகள் சி.டி.யை விட இனிமையாக ஒலிப்பது பிரமையா? இல்லை. 1990களிலிருந்து பல சி.டி.க்களில் ஒலியை நெருக்கி, எல்லாவற்றையும் ஒரே உரப்பில் பதித்தார்கள். பழைய இந்திப் பாடல்கள் புதிய தாளம் சேர்த்து 'ஜங்கார் பீட்ஸ்' என்று வெளிவந்தன. அந்தக் காலத்துத் தட்டில் இசையமைப்பாளரும் ஒலிப்பதிவாளரும் ஒப்புக்கொண்ட கலவை யாரும் கை வைக்காமல் இருக்கிறது. தட்டின் பெருமை இந்த ஆவண மதிப்பில் இருக்கிறது.

சொந்தமாகச் செய்யும் ஸ்பீக்கரின் கதை வேறு. ஒரு ஸ்டீரியோ அமைப்பில் ஒலியை அதிகம் மாற்றுவது ஸ்பீக்கர்தான். எந்த ஊஃபருக்கு எத்தனை லிட்டர் பெட்டி, துளைக்குழாய் எவ்வளவு நீளம் என்பதை 1961இல் ஆஸ்திரேலியாவின் நெவில் தீலும், 1970களில் ரிச்சர்ட் ஸ்மாலும் கணக்காக்கிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு ஆறரை அங்குல ஊஃபர், ஒரு ட்வீட்டர், 18 மி.மீ. பிளைவுட், கை சுத்தமான தச்சர் ஒருவர் போதும். கடை ஸ்பீக்கரின் விலையில் பெரும்பங்கு பெட்டி வேலைக்கும் கப்பல் கூலிக்கும் வியாபாரிக்கும் போய்விடும். அதே பணத்தில் நல்ல டிரைவர்களை, அதாவது ஊஃபரையும் ட்வீட்டரையும், வாங்கலாம்.

இங்கும் குறைகள் உண்டு. ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவரைப் பலர் புத்தகச் சூத்திரப்படி சுற்றிவிடுகிறார்கள். ஊஃபரில் '8 ஓம்ஸ்' என்று எழுதியிருப்பது பெயருக்குத்தான். சுருதி ஏற ஏற அந்த எண்ணும் ஏறும். சூத்திரம் வெட்டச் சொன்ன இடம் ஒன்று, வெட்டு விழும் இடம் வேறு. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பதால், செய்தவர் காது அந்தப் பிழையை மன்னித்துவிடும். ஒலி ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டே கேட்டபோதும் பார்க்காமல் கேட்டபோதும் ஒரே ஸ்பீக்கருக்கு வெவ்வேறு மதிப்பெண் விழுந்தது. திரை போட்டுக் கேட்காத பாராட்டை நம்பக் கூடாது.

எல்லோரும் மறப்பது அறையை. செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் உள்ள 12க்கு 10 அடி அறையை எடுத்துக்கொள்ளுங்கள். நீளவாக்கில் 47 ஹெர்ட்ஸ் அருகே ஒலி முட்டி எழும். அந்த ஒற்றை ஒலியை ஓடவிட்டு அறைக்குள் நடந்தால், சுவர் ஓரத்தில் அது நெஞ்சில் அதிரும். நீளத்தின் நடுவில் ஏறக்குறைய காணாமல் போகும். கூரையும் 10 அடி என்றால் அகலமும் உயரமும் ஒரே 56 ஹெர்ட்ஸில் சேர்ந்துகொண்டு மேலும் குழப்பும். எந்த விலை கேபிளும் ஊசியைத் தாங்கும் எந்தக் கார்ட்ரிட்ஜும் இதைத் தொடாது. நாற்காலியையும் பெட்டியையும் இரண்டடி நகர்த்துவது தொடும்.

என் முடிவு இது. கையால் ஸ்பீக்கர் செய்வது அறிவும் உழைப்பும் கூடிய நல்ல பழக்கம்; ஊக்குவிக்கத் தக்கது. தட்டை, அதில் மட்டுமே கிடைக்கும் பதிவுக்காக வாங்கலாம். துல்லியத்துக்காக வாங்க வேண்டியதில்லை. அடுத்த கார்ட்ரிட்ஜுக்குச் சேர்த்த பணத்தில் முதலில் அறையில் எழும் ஒலியை அளவெடுக்கும் மைக் ஒன்று வாங்குங்கள். அலசிப் பார்க்கும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.